கனிசியஸ் கொடுத்த முன்கம்பு

குருநகரில் கனிசியஸிடம் ஒரு வலையூசிகூட இரவல் வாங்கியவர் எவருமில்லை. கேட்டால் "நானும் அதைத்தான் தேடுறன்" என்பார். ஊசி காதில் செருகியிருக்கும். எச்சில் கையால் காகம் கலைக்காத மனுசன். அப்பேர்ப்பட்டவர் மீன்பிடித்துக் கடலால் வந்து, குளித்துச் சாப்பிட்டுப் போனைக் கையில் எடுத்தால் மட்டும் கொடைவள்ளலாகிவிடுவார்.

போனில் செஸ் புதிர்கள். முழு ஆட்டம் ஆட அவருக்குப் பொறுமை கிடையாது. காயைப் பலி கொடுத்து வெல்லும் புதிர்கள்தான் வேண்டும். கோட்டையைக் கொண்டுபோய் எதிரி ராசாவின் வாசலில் போடுவார். ராசா ஆசைப்பட்டு அதை வெட்டுவார். வெட்ட வெளியே வந்தவரை ராணி வந்து அமுக்கும். "குடுக்கத் தெரிஞ்சவனுக்குத்தான் அடிக்கத் தெரியும்" என்று மனைவி ஸ்ரெல்லாவுக்குப் பிரசங்கம் வேறு.

"ஓமோம், பக்கத்து வீட்டுக்கு ஒரு துண்டு கருவாடு குடுத்துப் பாருங்கோவன்" என்பாள் அவள், மீன் வெட்டியபடி.

கோயில் பெருநாளன்று புனிதரின் சுரூபம் வைத்த கூட்டை, நாலு கம்புகளில் தோள் கொடுத்துத் தூக்கி வீதி சுற்றுவார்கள். அதில் முன்பக்க வலக்கம்பு யாருக்கு என்பது லேசான காரியமில்லை. தகப்பன் வழியில் தனக்கு வந்தது என்று வருசாவருசம் அதைப் பிடித்துவருபவர் கனிசியஸ். தன் தகப்பனும் பிடித்த கம்புதான் என்பார் மச்சான் முறையான அடைக்கலநாதன். இந்த வழக்கில் இரண்டு வீட்டுக்கும் ஏழெட்டு வருசமாகக் கதைபேச்சு இல்லை. பெரியவர்கள் கதைக்காத குறையைப் பிள்ளைகள் தீர்த்தார்கள். கனிசியஸின் மகள் றொசாந்தியும் அடைக்கலநாதனின் மகன் லக்சனும், கட்டினால் ஒருவரையொருவர்தான் என்று நின்றார்கள்.

"முன்கம்பை விடட்டும், பொம்பிளை கேட்டு வாறன்" என்று சொல்லியனுப்பினார் அடைக்கலநாதன்.

றொசாந்தி அழுது பார்த்தாள். பிறகு அழுகையை விட்டுக் கோபத்தைப் பிடித்தாள்.

"போனிலை ராணியை அள்ளி அள்ளிக் குடுக்கிறியள் அப்பா. எனக்காண்டி ஒரு தடியை விட ஏலாதோ?"

கனிசியஸுக்குச் சுருக்கென்றது. ஆனால், பாருங்கள், அந்த நிமிசமே மனுசனின் மூளை புதிர் போடத் தொடங்கிவிட்டது. கோயில் கூட்டத்தில் எல்லோருக்கும் முன்னால் கம்பைக் கொடுப்பது. சபை மரியாதைக்காவது அடைக்கலநாதன் "வேண்டாம் மச்சான், நீயே பிடி" என்று சொல்லத்தானே வேண்டும்? கம்பும் மிச்சம், கல்யாணமும் சரி, பெரிய மனுசன் என்ற பேரும் வந்து சேரும். இரண்டே நகர்த்தலில் செக்மேற்!

பெருநாளுக்கு முந்தின கூட்டத்தில் எழும்பித் தொண்டையைச் செருமினார். "இந்த முறை வலக்கம்பை அடைக்கலநாதன் மச்சான் பிடிக்கட்டும்."

"நல்லது மச்சான், பிடிக்கிறன்" என்றார் அடைக்கலநாதன், இவர் திரும்ப உட்காரும் முன்பே.

போனில் பிழையாகக் காய் வைத்தால் திரும்ப வைக்கலாம். சபையில் அந்த வசதி இல்லை. அன்று கனிசியஸ் சோற்றைத் தொடவில்லை.

பெருநாளன்று அவர் கூட்டுக்குப் பக்கத்தில், கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் சனத்தோடு சனமாக நடந்தார். சந்தி திரும்பும்போது கூடு வலப்பக்கம் சரிந்தது. திருப்பத்தில் பாரம் முழுக்க முன்கம்புக்குத்தான் இறங்கும். வெளியே நின்று ஆசைப்பட்டவருக்கு அது எப்படித் தெரியும்? அடைக்கலநாதன் கம்போடு சேர்ந்து சாய்ந்தார். "ஐயோ, கூடு!" என்று பெண்கள் கத்தினார்கள். கனிசியஸ் ஒரு கணக்கும் பார்க்கவில்லை. பாய்ந்து போய்க் கம்பின் கீழே தோளைக் கொடுத்தார்.

கூடு நிமிர்ந்தது. ஒரே கம்பின் கீழ் இரண்டு கிழட்டுக் கழுத்துகள்.

"மச்சான், உந்தப் பாரத்துக்கோ நான் இவ்வளவு காலமும் சண்டை பிடிச்சனான்?" என்று மூச்சு வாங்கினார் அடைக்கலநாதன்.

"கதைக்காமல் நட."

"வாற ஞாயிறு பொம்பிளை கேட்டு வாறம். கம்பை நீயே வைச்சிரு." நாலு அடி நடந்தபின் அவரே தொடர்ந்தார். "முதல் வருசமே ஒருதரம் தந்திருந்தியெண்டால், அண்டைக்கே திருப்பித் தந்திருப்பன்."

எத்தனையோ ராணிகளைக் கொடுத்த கனிசியஸ், ஒரு கம்பைக் கொடுக்காமல் விட்ட வருசங்களை எண்ணிக்கொண்டே கோயிலடி மட்டும் நடந்தார்.