சின்னுசாமி அண்ணனும் நான் பார்க்காத விரலும்

காரவள்ளி கூடைப்பந்து ரெஃப்ரி சின்னுசாமி அண்ணன் போய்விட்டார் என்று போன் வந்தபோது, நான் ஜீப்பில் மரவள்ளி மூட்டைகளோடு மலையிறங்கிக்கொண்டிருந்தேன். கொல்லிமலையில் என்னை மிஞ்சி வண்டி ஓட்ட ஆள் கிடையாது. கண்ணைக் கட்டிவிட்டாலும் அத்தனை வளைவுகளையும் இறக்கிவிடுவேன். அன்று மட்டும் பிரேக்கிலிருந்து கால் எழவில்லை. பின்னால் நின்ற பஸ்ஸின் கண்டக்டர் இறங்கி வந்தார்.

"ஏனுங்க, வண்டி நின்னுபோச்சுங்களா?"

"வண்டி நல்லாத்தானுங்க இருக்குது" என்றேன். எனக்குத்தான் துக்கத்தைவிடப் பயம் முந்திக்கொண்டது. அது ஏன் என்று சொல்லத்தான் ஞாயிற்றுக்கிழமை ஃபைனலுக்காக அச்சாகும் இந்தப் போட்டி மலரில் இடம் கேட்டு வாங்கினேன்.

அண்ணன் அடிவாரத்து விவசாயி; ஆட்டங்களில் நானும் அவரோடு இரண்டாவது ரெஃப்ரியாக நிற்பேன். நான் எட்டாவதைத் தாண்டாதவன். ஆனாலும் கூடைப்பந்து விதிப் புத்தகத்தைத் தலைகீழாய் ஒப்பிப்பேன். அதை அச்சடித்தவர்களே என்னிடம் சந்தேகம் கேட்கலாம். அண்ணனுக்குப் புத்தகம் தேவைப்படவில்லை. நம் மைதானங்களோ சரிவும் கல்லுமானவை. ஒரு பையன் தட்டிய பந்து ஒருமுறை என் தலைக்கு மேல் எகிறியது. சரி, நெஞ்சு வரைக்கும். நான் உடனே தப்பென்று விசில் ஊதிவிட்டேன். அண்ணன் கிட்டே வந்து காதோடு சொன்னார்: "பந்து கல்லுக்குக் கட்டுப்பட்டது சாமி, கைதான் மனுசனுக்குக் கட்டுப்பட்டது. நீ கையைப் பாரு."

இன்னொரு நாள், உள்ளங்கையைப் பந்துக்கு அடியில் கொடுத்துத் தூக்கிக்கொண்டு போன பையனை அவர் முதல்முறை விட்டுவிட்டு, அடுத்த முறை பிடித்தார். ஏன் என்று கேட்டேன். "மொதல்ல பந்து கையைத் தொட்டுட்டுப் போச்சு. அடுத்தாப்புல கையில ஒக்காந்து மூச்சு வாங்குச்சு. ஒக்காந்தா ஊது" என்றார்.

இப்போது என் பயத்துக்குக் காரணமான அந்தப் பழைய ஃபைனலுக்கு வருகிறேன். மலையில் சில ஊர்கள் சேர்ந்ததை நாடு என்போம்; திருப்புலி நாட்டுக்கும் பைல் நாட்டுக்கும் நடந்தது. ஐயாயிரம் பேர் கூட்டம்; ஐந்நூறுக்குக் குறையாது. திருப்புலி ஒரு புள்ளி முன்னால். முடிய இன்னும் சில விநாடிகள். பைல் நாட்டுப் பையன் என் பக்கத்து ஓரத்தில் பந்தைத் தட்டிக்கொண்டு வந்து இரண்டு கையாலும் பிடித்தான். பிடித்தால் தட்டுவது அத்தோடு முடிந்தது. மறுபடி தட்டினால் தப்பு. ஆனால் எதிராளியின் விரல் பட்டுப் பந்து கைநழுவினால், எடுத்து மறுபடி தட்டலாம். பந்துக்குப் பக்கத்தில் நிற்கிற ரெஃப்ரிதான் அதைப் பார்க்கவேண்டும். பக்கத்தில் நின்றது நான்.

அந்த நேரம் பார்த்து என் முதுகுக்குப் பின்னால் ஒரு குரல்: "மாமோவ், இப்ப மட்டும் ஊதிப் பாரு, ஊடு போய்ச் சேரமாட்ட!"

திரும்பிப் பார்த்துவிட்டேன். ஒரு இமைப்பொழுதுதான். முகத்தை மறுபடி திருப்பியபோது பந்து தரையில் துள்ளியது, அவன் எடுத்துத் தட்டினான், எறிந்தான், கூடையில் விழுந்தது. "டபுள் ட்ரிபிள்! டபுள் ட்ரிபிள்!" என்று, மறுபடி தட்டியது தப்பெனக் கத்திக்கொண்டு திருப்புலிக்காரர்கள் மைதானத்துக்குள் இறங்கிவிட்டார்கள். அண்ணன் நடந்து வந்தார்.

"கை பட்டுச்சா?"

"பட்டுச்சுங்க" என்றேன். வாய் தானாகச் சொல்லிற்று. அவர் உடனே கூடை செல்லும் என்று கை காட்டினார்; பைல் நாடு ஜெயித்தது.

மலையிறங்கும்போது என் ஜீப்பில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அண்ணன், ஒரு வளைவில் மெல்லக் கேட்டார்: "நெசமாப் பாத்தியா?"

"பாத்தனுங்க."

"பாக்கலைன்னாலும் சொல்லலாம் சாமி. பாக்காதது தப்பில்லை." நான் கியரை மாற்றினேன். அவர் அப்புறம் கேட்கவே இல்லை.

அண்ணன் விலைபோய்விட்டார் என்று பேச்சு கிளம்பியது. அன்றிலிருந்து திருப்புலியில் அவரைக் கூப்பிடவில்லை. என் பெயரை அவர் யாரிடமும் சொல்லவில்லை. மற்ற ஊர்களில் நாங்கள் இருவரும் சேர்ந்தே ஊதினோம்.

சாவுக்குத் திருப்புலி கேப்டன் மாலையோடு வந்திருந்தான். மாலையைப் போட்டுவிட்டு என்னிடம் வந்தான். "மாமா, ஞாயித்துக்கெழம ஃபைனல் நீங்கதான் ஊதோணும். அவரைத் தப்பாப் பேசிட்டமோன்னு மனசுக்குள்ள இருக்குதுங்க. அன்னைக்குக் கை பட்டுச்சுதானுங்களே?"

அண்ணன் அங்கே வெள்ளைத்துணிக்கடியில் கிடந்தார். எழுந்து "நெசமாப் பாத்தியா?" என்று கேட்டுவிடுவாரோ என்று பயந்து, தண்ணீர் குடிக்கப் போவதுபோல் வெளியே வந்துவிட்டேன்.

கேப்டனே, பதில் இதுதான். கை பட்டிருக்கலாம், படாமலும் இருக்கலாம். நான் பார்க்கவில்லை. அண்ணன் விலைபோகவில்லை, என்னை நம்பினார், அவ்வளவுதான்.

அவருடைய விசிலை வீட்டார் என்னிடம் கொடுத்தார்கள். அதை இன்னும் வாயில் வைக்கத் தைரியம் வரவில்லை. "பாக்காதது தப்பில்லை" என்ற அந்தச் சொல்லைத்தான் அவரிடமிருந்து எடுத்து வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை இந்த மலரைப் படித்துவிட்டு நீங்கள் எல்லோரும் அங்கே இருப்பீர்கள். நான் வருவேன். ஊதச் சொன்னால் ஊதுகிறேன். வேண்டாம் என்றால் கோட்டுக்கு வெளியே நிற்கிறேன். பின்னால் யார் என்ன கத்தினாலும் திரும்பமாட்டேன்.