பக்கத்து மாடியில் பூத்த என் ரோஜா

இன்று காலை பக்கத்து வீட்டு அமுதா என் கொடி ரோஜாவை வெட்டச் சொல்லிச் சண்டைக்கு வந்தார்.

அவர்கள் வீட்டில் கைத்தறி ஓடுகிறது. சாயம் போட்ட நூலை மொட்டை மாடியில்தான் காயப்போடுவார்கள். என் கொடி மதிலேறி அங்கே போய்விட்டது.

"இன்னாண்ணா செடி வளக்கற? முள்ளு மாட்டி நூலெல்லாம் அறுந்து பூடுது. இன்னிக்கே வெட்டிடு."

எனக்கும் சம்மதம்தான். இரண்டு வருடம் எரு கொட்டியும் என் கண்ணில் ஒரு மொட்டுகூடப் படவில்லை. ஓடாத சரக்கை நான் கடையிலேயே வைத்துக்கொள்வதில்லை. அரிவாளை எடுத்தேன்.

அப்போதுதான் அவர் தலையைக் கவனித்தேன். கொண்டை நிறைய ரோஜா.

"பூ எங்கம்மா வாங்கின?"

"வாங்கறதா? நம்ம மாடியிலதான் தெனம் கூடை கூடையா..." என்றவர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

மதிலில் ஏறிப் பார்த்தேன். வெயில் முழுக்க அவர் பக்கம், அதனால் பூவும் அவர் பக்கம். எனக்கு வெறும் தண்டும் முள்ளும்.

"சரிம்மா, நீ சொன்ன மாதிரியே வெட்டிடறேன், அடியோட" என்று இறங்கி வந்து வேரடியில் குனிந்தேன்.

"ஐய, இருண்ணா! இன்னா அவசரம்? நூலை அந்தாண்ட கட்டிக்கறேன்."

அரிவாள் கையில் இருக்கும்போதே பேரத்தை முடித்துவிட்டேன். லாபம் யாருக்கு என்று நீங்களே சொல்லுங்கள்.

தண்ணீரும் எருவும் என் பொறுப்பு. மாடிப் பக்கம் நீளும் கிளையை அமுதா நறுக்குவார். பூ ஒருநாள் அவருக்கு, ஒருநாள் எனக்கு. கிருத்திகையன்று மட்டும் மொத்தப் பூவும் மலைக் கோயிலுக்கு, இருவர் பெயரிலும்.