கொங்கிரீட் தட்டில் குர்பான் கிடா

நான் இறால் தின்பதை விட்டதுதான் என்னைப் பற்றி எங்கள் ஒழுங்கையில் பரவிய முதல் செய்தி. கல்முனைக் கரையில் ஒருவன் சாராயத்தை விட்டால் யாரும் பெரிதாக எடுப்பதில்லை. இறாலை விட்டால், டொக்டரிடம் காட்டினீர்களா என்று கேட்பார்கள். இரண்டு வீடு தள்ளிக் குடியிருக்கும், ஆட்டோ ஓட்டும் காக்கா நேரே வாசலுக்கே வந்துவிட்டார்.

“தம்பி, இறால் எங்களுக்கே ஹலால். ஒங்களுக்கு எப்பயிருந்து ஹறாமாப் போச்சு?”

“மூஸா நபி காலத்திலயிருந்து, காக்கா. எனக்குத் தகவல் வந்தது கொஞ்சம் பிந்தி.”

அவர் சிரிக்கவில்லை. யோசித்துவிட்டு, “நண்டு?” என்றார்.

“அதுவும்.”

“அல்லாஹ்வே!” என்று என் தோளில் கைவைத்தார். செத்த வீட்டில் வைப்பது போலவே வைத்தார்.

நான் பிறப்பால் கிறிஸ்தவன். சில வருடங்களுக்கு முன் ஒரு சிறிய கூட்டத்தில் சேர்ந்தேன். யெஷுவாவே, அதாவது இயேசுவே, மேசியா என்று நம்புகிறோம். அவர் தாமே கைக்கொண்ட மோசேயின் கட்டளைகளை நாமும் கைக்கொள்வோமே என்று பார்க்கிறோம். இந்தக் கரையில் மொத்தம் நான்கு வீட்டார். நாலாவது வீட்டில் நான் மட்டும். என் மனைவி இன்னும் ஞாயிற்றுக்கிழமைகளில் தன் பழைய கோயிலுக்கே போகிறாள், இறால் குழம்பும் வைக்கிறாள், அதைச் சாப்பிடும்போது என்னை அனுதாபத்தோடு பார்க்கவும் செய்கிறாள்.

ஏன் இந்த வேலை என்று பலர் கேட்டிருக்கிறார்கள். நான் மெயின் வீதியில் ஹாட்வெயார் கடை வைத்திருப்பவன். சீமெந்து, ஆணி, கட்டுக்கம்பி, புளொக் கல். ‘அன்பாயிரு’ என்று பொதுவாகச் சொன்னால், ஓம் என்று தலையாட்டிவிட்டுப் பழையபடி இருந்துவிடுவேன். ‘அயலவனின் மாடு வழிதவறி நின்றால் காணாதது போலப் போகாதே’ என்றால் தப்ப முடியாது. கையில் ஒரு வேலை வந்துவிடுகிறது. ஆண்டவர் என் சாப்பாட்டுக் கோப்பையையும் சட்டை ஓரத்தையும் அயலவனின் மாட்டையும் கவனிக்கிறார் என்பது எனக்குப் பெரிய ஆறுதல்.

சங்கடம் என்னவென்றால், நான் பிறவியிலேயே பதறுகிறவன். பதறுகிறவன் கையில் அறுநூற்றுப் பதின்மூன்று கட்டளைகளைக் கொடுப்பது இருமல்காரனிடம் சுருட்டுக் கடையை ஒப்படைப்பது மாதிரி. வெள்ளிக்கிழமை பின்னேரம் பள்ளிவாசலில் மஃரிப் பாங்கு கேட்டதும் எனக்கு ஓய்வுநாள் தொடங்கும். அதற்கு முந்திய அரை மணித்தியாலம் எங்கள் வீட்டில் தீப்பிடித்தது போல இருக்கும். போனை நிறுத்தி அலுமாரியில் வைப்பேன். கடைச் சாவியை எங்கே வைத்தேன் என்று தேடுவேன். தேடுவது வேலையா என்று யோசிப்பேன். சட்டையின் நான்கு மூலையிலும் கட்டளைப்படி கட்டிய, நீல இழை சேர்த்த தொங்கல்கள் சரியாக இருக்கின்றனவா என்று பார்ப்பேன். ஒருமுறை கடையில் ஒரு வாடிக்கையாளர், சட்டை பிரிந்துபோகிறது என்று இரக்கப்பட்டுக் கத்திரிக்கோலோடு வந்தார்.

இவ்வளவு கவனமாக இருந்த நான் ஒரு கட்டளையை மட்டும் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். புது வீடு கட்டினால் அதன் மேல்தளத்துக்குக் கைப்பிடிச் சுவர் கட்டு, யாராவது விழுந்து இரத்தப்பழி உன் வீட்டின்மேல் வந்துவிடக் கூடாது என்பது மோசே சொன்னது. எங்கள் வீட்டுக்கு மேலே பன்னிரண்டு அடி உயரத்தில் வெறும் கொங்கிரீட் தட்டு. நான்கு பக்கமும் திறந்தபடி. வெளிப்புறமாகப் படிக்கட்டு, அதற்குக் கதவு கிடையாது. மேல்மாடி எழுப்பும்போது எல்லாம் சேர்த்துக் கட்டலாம் என்றிருந்தேன். கம்பிகள் மேலே நீட்டிக்கொண்டு நின்றன. அவற்றின் தலையில் பிளாஸ்டிக் போத்தல் கவிழ்த்திருந்தேன். அதுவே எனக்குப் பெரிய பாதுகாப்பு ஏற்பாடாகத் தெரிந்தது.

அன்று சனிக்கிழமை. அடுத்த நாள் ஹஜ்ஜுப் பெருநாள். காக்கா அறபா நோன்பு, நான் ஓய்வுநாள். அவர் ஆண்டவனுக்காக ஒன்றும் சாப்பிடாமல் இருந்தார், நான் ஆண்டவனுக்காக ஒன்றும் செய்யாமல் இருந்தேன். என் பங்கு கொஞ்சம் சொகுசானது என்பதை மறுக்கவில்லை.

காலை பத்து மணிபோல் வேலித் தகரத்தின் இடைவெளியால் காக்காவின் கிடா உள்ளே வந்தது. கழுத்தில் அறுந்த கயிற்றின் நுனி. மண்ணிறம், நெற்றியில் வெள்ளைச் சுட்டி. அதை ஒழுங்கையில் தெரியாதவர் இல்லை. காக்கா அதைக் குட்டியிலிருந்து குர்பானுக்கென்று, பெருநாளில் அறுத்துப் பங்கு வைக்கவென்று, வளர்த்தவர். போன வருடமும் ஒன்று வளர்த்தார். பெருநாளுக்கு முந்திய கிழமை அவருடைய சொந்த ஆட்டோவின் சில்லே அதன் காலில் ஏறிவிட்டது. நொண்டி ஆடு குர்பானுக்கு ஆகாது. அந்தப் பெருநாள் முழுக்க அந்த மனிதர் யார் முகத்தையும் பார்க்கவில்லை. இந்த வருடக் கிடாவை அவர் நடத்திக்கொண்டு போனதைப் பார்த்தால் கண்ணாடிச் சாமானைக் கொண்டுபோகிறார் என்று நினைப்பீர்கள்.

அவர் மனைவியோடு இறக்காமத்துக்கு, மனைவியின் உம்மாவான மாமியைக் கூட்டிவரப் போயிருந்தார். என் போன் அலுமாரிக்குள். மனைவி தன் போனில் காக்காவுக்கு எடுத்தாள்.

“கயித்த அறுத்துட்டானா? அல்லாஹ்வே! தங்கச்சி, தம்பிட்டச் சொல்லிக் கட்டிப் போடச் சொல்லுங்க. ஒரு மணித்தியாலத்தில வந்துருவம்.”

எனக்கு உள்ளே ஒரே குதூகலம். அயலவனின் விலங்கு வழிதவறினால் உன் வீட்டில் கொண்டுபோய் வைத்திரு, அவன் தேடி வரும்போது கொடு என்ற கட்டளைக்காக எத்தனை நாள் காத்திருந்தேன்! கல்முனையில் தெருவில் நிற்கும் மாடுகளுக்குக் குறைவில்லை. ஆனால் ஒன்றாவது தான் வழிதவறியதாக நினைப்பதில்லை. நடு வீதியில் படுத்து அசை போடும், வழிதவறியவர்கள் நாங்கள்தான் என்பது மாதிரி.

மனைவி கயிற்றைக் கொண்டுவந்து நீட்டினாள். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

“முடிச்சுப் போடக் கூடாது. ஓய்வுநாள்.”

“ஆர் சொன்னது?”

“வீடியோவில ஒரு போதகர்.”

“வேதத்தில இருக்கா?”

“நேரா இல்ல. பெரியாக்கள் மறுகா, பிற்காலத்தில வகுத்தது.”

அவள் என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். “அப்ப இடுப்பில சாரன் என்ன, காத்திலயா நிக்குது? அது முடிச்சு இல்லையா?”

“இது நேற்றுப் பின்னேரமே கட்டினது” என்றேன். பொய். அவளுக்கும் தெரியும். பாடகர் குழுப் பயிற்சிக்கு நேரமாகிவிட்டதால் கயிற்றைப் படியில் போட்டுவிட்டு, “ஆட்டுக்கு ஏதும் நடந்தா காக்காட முகத்தில நான் முழிக்க மாட்டன், நீங்களே முழிங்க” என்று சொல்லிப் போய்விட்டாள்.

நான் கேற்றைச் சாத்தினேன். வேலி இடைவெளிக்கு ஒரு வாளியை வைத்தேன். கட்டாமலே காத்தாயிற்று என்று, முன் வாசலில் கதிரை போட்டு அந்தக் கிழமைக்குரிய வேதப்பகுதியை வாசிக்க உட்கார்ந்தேன். கிடா வந்து என் சட்டைத் தொங்கலில் ஒன்றைச் சப்பியது. அதற்கும் கட்டளைகளில் நாட்டம் இருக்கிறது என்று மகிழ்ந்தேன். பிறகு அது போய்விட்டது. இரண்டு பக்கம் வாசித்த பிறகுதான், முற்றம் ஏன் இவ்வளவு அமைதி என்று தோன்றியது.

முற்றத்தில் இல்லை. பின்வளவில் இல்லை. தலைக்கு மேலே டொக், டொக் என்று குளம்புச் சத்தம்.

படியில் எப்படி ஏறினேன் என்று நினைவில்லை. மேலே போய்ச் சேர்ந்ததும் அப்படியே தட்டில் உட்கார்ந்துவிட்டேன். எனக்கு உயரம் ஆகாது. கடையில் மேல் தட்டிலிருக்கும் பெயின்ற் டின்னைக்கூட வேறு ஆள்தான் எடுத்துக் கொடுக்க வேண்டும். கிடா தட்டின் விளிம்பில், வீதிப் பக்கமாக நின்று முருங்கைக் கிளையை எட்டிக்கொண்டிருந்தது. முன்கால்கள் கிளையில், பின்குளம்புகளில் பாதி தட்டுக்கு வெளியே. நான் நாலு காலில் தவழ்ந்தேன். ஆடு இரண்டு காலில் எட்டி நிற்கிறது, கடைக்கார முதலாளி நாலு காலில் வருகிறார்.

“ஆண்டவரே, சுவர் கட்டுறன். திங்கட்கிழமையே கட்டுறன். இன்டைக்கு மட்டும்...” என்று பேரம் பேசிக்கொண்டே போனேன்.

அந்த நேரம் பார்த்துக் கீழே ஆட்டோ வந்து நின்றது. காக்கா இறங்கி அண்ணாந்தார். அவருடைய முகத்தில் போன வருடம் முழுவதும் திரும்பி வந்தது. கிடாவை அழைப்பதற்காக வாயைத் திறந்தார்.

“கூப்பிடாதீங்க காக்கா! உங்கட சத்தம் கேட்டாக் குதிச்சிரும்!”

அவர் இரண்டு கையாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டார். பின் இருக்கையிலிருந்து மாமி எட்டிப் பார்த்தார்.

“இதென்ன மனே, பெருநாளைக்கு முந்தியே ஆட்ட மேல அனுப்பிட்டாங்க?”

“உம்மா, வாய மூடுங்க!” என்று காக்காவின் மனைவி அதட்டினார்.

கிடா சத்தம் வந்த பக்கம் தலையைத் திருப்பியது. ஒரு குளம்பு சறுக்கியது. நான் பாய்ந்து அதன் வயிற்றைக் கட்டிப் பிடித்தேன். பிடித்தாயிற்று, ஆனால் அது உதறுகிறது. கயிறு கீழே, படியில், மனைவி போட்ட இடத்திலேயே கிடக்கிறது. என்னிடம் இருந்தது இடுப்பில் இருந்த ஒன்றுதான். சாரனை அவிழ்த்தேன். முறுக்கி அதன் கழுத்தில் சுற்றினேன். ஒரு முடிச்சுப் போட்டேன். போதாது என்று இன்னொன்று. பயத்தில் மூன்றாவது. கலியாணத்துக்குப் பிறகு நான் போட்ட மூன்று முடிச்சு அதுதான். சாரனுக்குள் முக்கால் காற்சட்டை போட்டிருந்ததற்கு இன்றுவரை நன்றி சொல்கிறேன். மாமியும் சொல்வார் என்று நினைக்கிறேன்.

காக்கா மேலே ஓடிவந்து சாரனின் மறுமுனையைப் பிடித்தார். நோன்பு வைத்த உதடு காய்ந்து வெடித்திருந்தது. இருவருமாகக் கீழே கொண்டுவந்து முற்றத்தில் விட்டோம்.

கிடா நடந்தது. முன் வலது காலை நிலத்தில் வைத்து, எடுத்து, நொண்டியது.

மூன்று அடி. மூன்றிலும் நொண்டியது. காக்கா மண்ணில் குந்திவிட்டார். “போன வருசம் என்ட கையால. இந்த வருசம்...” என்று தொடங்கி, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அவர் ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எனக்குப் பகிடி வராத ஒரே நேரம் அதுதான். கட்டிப் போடச் சொன்னார். மனைவி கயிறும் தந்தாள். ஒரு மனிதன் குட்டியிலிருந்து வளர்த்த காணிக்கை என் ஒரு முடிச்சில் தங்கியிருந்தது. நான் அந்த முடிச்சை ஆண்டவருக்காக மிச்சம் பிடித்தேன்.

மாமிதான் இறங்கி வந்தார். “கால எடு பாப்பம்” என்று குளம்பைத் தூக்கி, பிளவுக்குள் விரலை விட்டார். ஒரு துண்டுக் கட்டுக்கம்பி வெளியே வந்தது. மேல் தட்டில் கிடந்தது. என் கடைச் சாமான். இரத்தம் இல்லை. கிடா காலை உதறியது, இரண்டு அடி நேராக வைத்தது, பிறகு ஓடிப்போய்க் கதிரையில் கிடந்த என் வேதப்பகுதித் தாளைத் தின்னத் தொடங்கியது.

“அல்ஹம்துலில்லாஹ்” என்றார் காக்கா. நானும் என் பாஷையில் அதையே சொன்னேன். அவர் எழும்பி மண்ணைத் தட்டிவிட்டு, அண்ணாந்து தட்டைப் பார்த்தார்.

“ஏன் தம்பி, மூஸா நபி இறாலப் பத்திச் சொன்னவங்க, இதப் பத்தி ஒண்டும் சொல்லல்லியா?”

“சொல்லியிருக்கிறார், காக்கா.”

“அப்ப மறுகா?”

மறுகா என்ன? என் கடை வாசலில் புளொக் கல் ஆளுயரத்துக்கு அடுக்கியிருக்கிறது.

மறுநாள் பெருநாள் தொழுகை முடிந்து, அறுத்து, பங்கு வைத்து, காக்கா தானே இறைச்சிப் பையோடு வந்தார். “முன் வலது கால்” என்று என் கையில் தந்தார். “ஒங்கட ஆள்தான், ஒங்களுக்கே இருக்கட்டும்.” சுத்தமான விலங்கு, இரத்தம் வடித்தது, எந்தக் கட்டளையும் குறுக்கே வரவில்லை. மனைவி மிளகு தூக்கலாகப் போட்டுக் காய்ச்சினாள். இறாலை விட்ட பிறகு நான் வயிறாரச் சாப்பிட்ட நாள் அது.

ஓய்வுநாளில் போட்ட அந்த மூன்று முடிச்சுக்கும் நான் மன்னிப்புக் கேட்கவில்லை. கட்டாமல் விட்ட சுவருக்குக் கேட்டேன். திங்கட்கிழமை புளொக் கல் ஏற்றினேன். மேசன் கட்ட, விளிம்புக்குப் போகப் பயந்து நான் நடுவில் நின்று தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன். காக்கா பின்னேரங்களில் வந்து கை கொடுத்தார். சுவர் என் நெஞ்சளவுக்கு வந்ததும் மேசன் போதும் என்றார். இன்னும் ஒரு வரி வையுங்கள் என்றேன். நான் பதறுகிறவன் என்று சொன்னேன் அல்லவா?

வெள்ளிக்கிழமை, பாங்குக்குச் சற்று முன், கேற்றுப் பக்கத்து ஆணியில் ஒரு கயிற்றைத் தொங்கவிட்டேன். ஒரு முனையில் சுருக்கு முன்கூட்டியே போட்டது, மறுமுனை ஆணியில் இறுக்கிக் கட்டியது. ஓய்வுநாளில் எந்த ஆடு வந்தாலும் கழுத்தில் மாட்டினால் போதும். இப்போதும் ஒவ்வொரு வெள்ளியும் இழுத்துப் பார்த்துத்தான் உள்ளே போவேன்.

அன்று பள்ளிவாசலுக்குப் போய்க்கொண்டிருந்த காக்கா நின்று பார்த்தார். “சுருக்கெல்லாம் போட்டு வெச்சிரிக்கீங்க. ஆருக்குத் தம்பி, ஆட்டுக்கா?”

உள்ளேயிருந்து மனைவியின் குரல் வந்தது. “இல்ல காக்கா, இவருக்குத்தான். அடுத்த வீடியோ பாத்தாரெண்டா நீங்களே ஓடிவந்து மாட்டிருங்க.”