மஞ்சள் கட்டைகளும் மூக்கைத் தாழ்த்திய விமானமும்

எங்கள் வீட்டு வாசலில் நிற்கும் பைக்குக்குச் சக்கரத்துக்கு ஒன்றாக இரண்டு மரக்கட்டைகள் அண்டை கொடுத்திருக்கும். சரிவாகச் சீவிய கட்டைகள். ஒரு நீளக் கயிறு இரண்டையும் சேர்த்துப் பிடித்திருக்கும். ஒரு காலத்தில் மஞ்சள் பெயிண்ட் பளிச்சென்று இருந்தது. இப்போது ஓரங்களில் மட்டும் மிச்சம். என் மகள் அந்தக் கயிற்றில் கால் இடறாத நாளே இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் பல் விளக்கிக்கொண்டே கேட்பார்: "இன்னா அண்ணாத்தே, ஸ்டாண்டு போட்ட வண்டிக்கு எதுக்குக் கட்டை? பறந்துகினு பூடுமா?" நானும் சிரித்துவிட்டு வேலைக்குக் கிளம்பிவிடுவேன். இன்றைக்குச் செய்தியில் மறுபடி புயல் என்றார்கள். கம்பெனிக்கு லீவு. காலையிலிருந்து ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. மொட்டை மாடிக்கும் வாசலுக்கும் நடந்து நடந்து கால் வலித்ததுதான் மிச்சம். பத்தாவது வரை படித்து, அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிறவன் நான். கதை எழுதத் தெரியாது. ஆனால் பிள்ளைகளே, இந்தக் கட்டைகள் எங்கிருந்து வந்தன என்று நீங்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். இன்றாவது சொல்லிவிடுகிறேன்.

நீங்கள் பிறப்பதற்கு முன்னால் நானும் உங்கள் அம்மாவும் நெமிலிச்சேரியில் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தோம். கீழே வீட்டுக்காரர். ஏர்ஃபோர்ஸில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். தெருவில் எல்லோரும் சார்ஜெண்ட் என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் மனைவி பள்ளிக்கூட டீச்சர். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகும்போது சார்ஜெண்ட் சட்டை இஸ்திரியில் கத்தி மாதிரி நிற்கும். ஆனால் பிரசங்கம் முடியும்வரை அவரால் பெஞ்சில் உட்கார முடியாது. எழுந்து வெளியே போய் வானத்தைப் பார்ப்பார். "ஆண்டவர் உள்ள இருக்காரு, இவரு வெளிய தேடுறாரு" என்பார் டீச்சரம்மா.

அவர் தேடியது ஆண்டவரை அல்ல, காற்றை. எந்தப் பக்கமிருந்து வீசுகிறது என்று தெரியாமல் அவரால் காபி கூடக் குடிக்க முடியாது. காரணம், ரயில்வே ஸ்டேஷனுக்குப் போகும் வழியில் ஒரு மூலை மைதானத்தில் நின்றிருந்த விமானம். ஒரு தொழிற்கல்விக் கூடம் தன் மாணவர்கள் பார்ப்பதற்காக வாங்கிவந்து நிறுத்தியது. பிறகு அந்தக் கூடம் வேறு இடத்துக்குப் போய்விட்டது. விமானம் மட்டும் போகவில்லை. சார்ஜெண்ட் தன் வேலைக்காலம் முழுக்க எண்ணெய்க் கையோடு உருண்டு புரண்டது அதே ஜாதி விமானங்களின் அடியில்தான்.

அது சண்டை போடுகிற விமானம் இல்லை, கற்றுக்கொடுக்கிற விமானம். உங்களுக்குப் புரியும்படி சொல்கிறேன். பைலட் ஆகப் போகிறவன் முதலில் ஒற்றை எஞ்சின் விமானத்தில் பழகுவான். ஆனால் பெரிய விமானங்களுக்கு இரண்டு, நான்கு என்று எஞ்சின்கள். சைக்கிள் கற்றவனை நேராக லாரியில் உட்கார வைக்க முடியுமா? அதனால் உலகப் போர் நெருங்கிய காலத்திலேயே பல நாடுகளில் இப்படி நடுவாந்தரமாக ஒன்றைச் செய்தார்கள். இறக்கைக்கு ஒன்றாக இரண்டு எஞ்சின். முதலில் வந்த சிலவற்றில் மரச்சட்டமும் பிளைவுட்டும் துணியும்தான். பிறகு முழுக்கத் தகடு. முன்னால் வாத்தியாரும் மாணவனும் பக்கத்தில் பக்கத்தில் உட்காருவார்கள். பின்னால் மேசை போட்டு, வரைபடம் பார்த்து வழி சொல்லக் கற்பவன் ஒருவன், வயர்லெஸ் கற்பவன் ஒருவன். ஒரு வகுப்பறையே மேலே போய்விட்டு இறங்கும்.

அந்த வகுப்பில் ஒரு பாடம் உண்டு. நன்றாகப் பறந்துகொண்டிருக்கும்போதே வாத்தியார் சொல்லாமல் கொள்ளாமல் ஒரு எஞ்சினின் சக்தியைக் குறைத்துவிடுவார். மூக்கு அந்தப் பக்கமாகத் திரும்பும். மாணவன் எதிர்ப்பக்கக் காலால் மிதித்து அதை நேராக நிறுத்த வேண்டும். "எந்தக் காலுக்கு வேலை இல்லியோ, அந்தப் பக்க எஞ்சின் போச்சுன்னு அர்த்தம்" என்பார் சார்ஜெண்ட். இதைச் சொல்லும்போது நாற்காலியில் உட்கார்ந்தபடியே வலது காலை அழுத்துவார். டீச்சரம்மா தன் காலை இழுத்துக்கொள்வார். "கல்யாணமான நாள்லேர்ந்து மிதிக்கிறாருப்பா, இன்னும் நேரா போகல."

மைதானத்து விமானத்தில் எஞ்சின்களே கிடையாது. கழற்றிக்கொண்டுதான் கொடுத்திருந்தார்கள். முன்னால் கனம் போய்விட்டதால் பின்பக்கம் சாய்ந்துவிடக் கூடாதே என்று மூக்குக்குள் சிமெண்ட் மூட்டைகளை அடுக்கி, வாலுக்கு அடியில் ஒரு இரும்பு ஸ்டாண்ட் வைத்திருந்தார்கள். ஆனாலும் சார்ஜெண்ட் தினமும் சாயங்காலம் போவார். இறக்கைக்குக் கீழே மூக்குத்தி மாதிரி ஒரு சின்னக் குழாய் நீட்டிக்கொண்டிருக்கும். அதில் நுழைகிற காற்றை வைத்துத்தான் விமானத்தின் வேகம் தெரியும். குளவி கூடு கட்டினால் கதை முடிந்தது. அதற்கு ஒரு சிவப்புத் துணி உறை தைத்துப் போட்டிருந்தார். பறக்காத விமானத்துக்கு வேகம் எதற்கு என்று கேட்டால் அவருக்குக் கோபம் வரும். இந்த மஞ்சள் கட்டைகளையும் அவர்தான் செய்தார். இறக்கைக்குக் கீழே இருக்கும் இரண்டு சக்கரங்களுக்கும் தலா ஒன்று. காற்று எந்தப் பக்கம் தள்ளுமோ அந்தப் பக்கமாக இடம் மாற்றி வைப்பார். வடகாற்று என்றால் சக்கரத்துக்கு முன்னால், தென்காற்று என்றால் பின்னால்.

விமானத்தின் வாலுக்குப் பின்னால், வடக்கே, ஒரு இஸ்திரிக்காரரின் வீடு. ஆஸ்பெஸ்டாஸ் கூரை, செங்கல் சுவர், வாசலில் தள்ளுவண்டி. அவரும் மனைவியும் இரண்டு சின்னப் பிள்ளைகளும். இறக்கையிலிருந்து வேப்பமரம் வரைக்கும் நைலான் கயிறு கட்டி ஊரார் துணியை உலர்த்துவார். தினமும் சண்டை.

"யோவ், இது ஏரோப்ளேன்யா. உன் துணிக்கொடிக் கம்பம் இல்ல."

"பறக்கச் சொல்லு சார், அவுத்துடறேன்."

"ஒரு நாள் இது பறக்கும், அன்னிக்கு உன் ஊட்டைத் தாண்டித்தான் போகும்."

"போவட்டும் சார், நானும் ஏறிகினு ஊரைச் சுத்திப் பாக்கறேன்."

சுற்றி நிற்கிறவர்கள் சிரிப்பார்கள். இஸ்திரிக்காரருக்கு அது கேலி. சார்ஜெண்ட் கேலியாகச் சொல்லவில்லை என்று எனக்குப் பிறகுதான் புரிந்தது.

அந்த வருஷம் மழைக்காலத்தில் புயல் நேராகச் சென்னை மேலேயே வந்தது. காலையிலிருந்து வடக்கேயிருந்து காற்று. மின்சார ரயில் நின்றுபோனதால் நான் வீட்டில் இருந்தேன். தகரம் பறந்து வந்து எங்கள் கைப்பிடிச் சுவரில் மோதியது. கீழ்வீட்டில் சார்ஜெண்ட் கூண்டில் போட்ட புலி மாதிரி நடந்துகொண்டிருந்தார். விடியும்போதே போய்ச் சக்கரத்துக்கு முன்னால் கட்டை வைத்துவிட்டு வந்திருந்தார். "வால் பக்கமா அடிக்கிற காத்து. தாங்கும், தாங்கும்" என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். மதியத்துக்கு மேல் திடீரென்று எல்லாம் நின்றது. இலை அசையவில்லை. வெளிச்சம் கூட வந்தது. தெருவில் ஜனங்கள் இறங்கி, விழுந்த மரங்களை வேடிக்கை பார்க்க ஆரம்பித்தார்கள். உங்கம்மா அடுப்பைப் பற்ற வைத்தாள். அப்போதுதான் கீழே கேட் திறக்கும் சத்தம். டீச்சரம்மா என்னைப் பார்த்துக் கத்தினார்: "தம்பி, ஓடுப்பா! முட்டி வலிக்காரரு, ஸ்பேனரைத் தூக்கிட்டு ஓடுறாரு பாரு!"

நான் ஓடிப் பிடித்தேன். "காத்து நின்னுடுச்சே சார்?"

"நிக்கல. நாம புயலோட நடு வயித்துல இருக்கோம். இனிமே திரும்பி அடிக்கும், தெக்கேருந்து. நேரா மூக்குல."

மைதானத்தில் அவர் குனிந்து பார்த்தார். விமானத்தைத் தரையோடு கட்டி வைக்க நான்கு சிமெண்ட் கட்டிகளில் கொக்கி போட்டிருந்தார்கள். இரண்டு கட்டிகள் மண்ணோடு பெயர்ந்து கிடந்தன. கட்டைகளை எடுத்துச் சக்கரங்களுக்குப் பின்னால் மாற்றி வைத்தோம். அவருக்குத் திருப்தி இல்லை. கைகள் நிற்கவே இல்லை. இறக்கையைத் தட்டினார், டயரை உதைத்தார், தெற்கே பார்த்தார். எஞ்சின் இல்லாத வெறும் கூடு. எதிர்காற்று இறக்கைக்கு அடியில் புகுந்தால் தூக்கும், தூக்கினால் பின்னால் தள்ளும். பின்னால் என்ன இருக்கிறது என்று நாங்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பார்த்தோம். இஸ்திரிக்காரர் வாசலில் தண்ணீர் தள்ளிக்கொண்டிருந்தார். பிள்ளைகள் தேங்கிய தண்ணீரில் தட்டை மிதக்க விட்டுக்கொண்டிருந்தார்கள்.

"புள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு எங்க வீட்டுக்குப் போ. இப்பவே."

"புயல் பூட்ச்சி சார். பாரு, காக்கா கூட வந்துகீது. உள்ள கல்யாண ஊட்டுப் பட்டு மூட்டை கீது, அதை உட்டுட்டு எங்க வர்றது?"

"மூட்டையையும் தூக்கிக்கிட்டு வா!"

"நனைஞ்சா யார் சார் பதில் சொல்றது? இந்த ஊட்டுல இந்த ஒரு மூலைதான் ஒழுகல."

சார்ஜெண்ட் அதற்கு மேல் வாதாடவில்லை. வாதாட நேரமில்லை என்று அவருக்குத் தெரிந்திருந்தது. விமானத்தின் முன்னால் போய் நின்றார். ஒரு கணம் அதன் மூக்கில் கை வைத்தார். "இதைத் தலைகுனிய வெச்சுட்டா காத்து தூக்காது. அமுக்கும்" என்றார். எனக்குப் புரியவில்லை. மூக்குக்கு அடியில் முன்சக்கரம் மாட்டிய கால் மடங்காமல் இருக்கப் போட்டிருந்த போல்ட்டில் அவர் ஸ்பேனரை மாட்டியதும்தான் புரிந்தது. குருவி எச்சமிட்டால் கூடத் துடைக்கிறவர், அதன் காலை உடைக்கப் போகிறார்.

துருப்பிடித்த போல்ட். நான் லேத்காரன், எனக்கு இரும்பு பழக்கம். இரண்டு பேரும் சேர்ந்து தொங்கித்தான் திருகினோம். கழன்றது. ஆனால் கால் மடங்கவில்லை. அடியில் படுத்து உதைத்தால் மேலேயே விழும். கயிறு கட்டித் தூரத்திலிருந்து இழுக்க வேண்டும். கயிற்றுக்கு எங்கே போவது? சார்ஜெண்ட் துணிக்கொடியைப் பார்த்தார். இஸ்திரிக்காரர் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தவர், துடைப்பத்தைப் போட்டுவிட்டு வந்தார். "இன்னா சார், உன் ஏரோப்ளேனை நீயே ஒடைக்கிறியா?" சார்ஜெண்ட் தெற்கே கை காட்டினார். அவர் முகத்தைப் பார்த்த இஸ்திரிக்காரர் திரும்பி மனைவியைக் கூப்பிட்டு, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு டீச்சரம்மா வீட்டுக்கு ஓடச் சொன்னார். பிறகு தானே கொடியை அவிழ்த்து, நாலாக முறுக்கி, கொண்டுவந்து கொடுத்தார்.

மூன்று பேரும் பக்கவாட்டில் நின்று இழுத்தோம். ஒரு முறை, மறுபடி. "ஏலேலோ சொல்லு சார்!" என்றார் இஸ்திரிக்காரர். அந்த நேரத்திலும் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே இழுத்தபோதுதான் கால் மடங்கியது. சிமெண்ட் மூட்டைகளின் கனத்தோடு மூக்கு சேற்றில் இறங்கியது. மூக்குத் தகடு நசுங்கிய சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. வால் மேலே எழும்பி நின்றது. தெற்கேயிருந்து முதல் காற்று முகத்தில் அறைந்தது. ஓடினோம்.

காலையைவிட மோசமான காற்று. நாங்கள் எல்லோரும் கீழ்வீட்டில் ஒரே அறையில் இருந்தோம். சார்ஜெண்ட் ஜன்னலை விட்டு அசையவில்லை. வலது கால் தரையை அழுத்திக்கொண்டே இருந்தது. டீச்சரம்மா எழுந்தார். அவர் பக்கத்தில் போய் நின்றுகொண்டார். காற்று அடங்கியதும் போய்ப் பார்த்தோம். வேப்பமரம் வேரோடு சாய்ந்திருந்தது. இஸ்திரிக்காரர் வீட்டுக் கூரையில் இரண்டு ஷீட்டுகள் காணோம். பட்டு மூட்டை அதே மூலையில் அப்படியே இருந்தது. விமானம் விட்ட இடத்திலேயே மூக்கைச் சேற்றில் வைத்துக்கொண்டிருந்தது.

பிறகு அந்தத் தொழிற்கல்விக் கூடத்திலிருந்து ஒருவர் வந்தார். போல்ட் கழற்றியதைப் பார்த்துவிட்டுச் சத்தம் போட்டார். "சும்மா விட்டிருந்தாலும் நின்னிருக்குமே? யாரைக் கேட்டு ஒடைச்சீங்க?" சார்ஜெண்ட் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, "நின்னிருக்கலாம் சார்" என்று மட்டும் சொன்னார். இஸ்திரிக்காரர்தான் பாய்ந்தார்: "வந்து என் ஊட்டுல படுத்துகினு சொல்லு நைனா, அப்ப கேக்கறேன்." ஆனாலும் உடைந்த விமானத்தை யாரும் சரி செய்ய வரவில்லை. பழைய இரும்புக்காரர்கள் வந்து கேஸ் வைத்து வெட்டி, லாரியில் ஏற்றினார்கள். சார்ஜெண்ட் போகவில்லை. வீட்டுக்குள் நடந்துகொண்டே இருந்தார். சாயங்காலம் இஸ்திரிக்காரர் வந்து எதையோ நீட்டினார். அந்தச் சிவப்புத் துணி உறை. சேறு போகத் துவைத்து, மடிப்பு கலையாமல் தேய்த்திருந்தார். சார்ஜெண்ட் வாங்கியபோது அதில் பெட்டியின் சூடு இன்னும் இருந்தது. கட்டைகளையும் அவர்தான் சேற்றில் தேடி எடுத்து வந்திருந்தார்.

கொஞ்ச காலத்தில் வீட்டை விற்றுவிட்டு மகளோடு இருக்க சார்ஜெண்டும் டீச்சரம்மாவும் கோயம்புத்தூர் போனார்கள். போகும்போது சார்ஜெண்ட் துணி உறையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார், கட்டைகளை என்னிடம் கொடுத்தார். ஆட்டோ கிளம்பும் நேரத்தில் கேட்டேன்: "மூக்கை இறக்கலன்னா நெஜமாவே தூக்கியிருக்குமா சார்?"

"தெரியாதுப்பா" என்றார். "தூக்கியிருந்தா தெரிஞ்சிருக்கும்." டீச்சரம்மா அவர் முழங்காலில் கையை வைத்து அழுத்தினார். அந்தக் கால் அப்போதும் எதையோ மிதித்துக்கொண்டிருந்தது. இப்போது சார்ஜெண்ட் இல்லை. மைதானத்தில் அடுக்குமாடி வந்துவிட்டது. அதன் கீழ்த்தளத்திலேயே இஸ்திரிக்காரரின் மகன் கடை வைத்திருக்கிறான். அவனுக்கு விமானம் சரியாக நினைவில்லை. தட்டு மிதக்க விட்டது மட்டும் நினைவிருக்கிறதாம்.

இதை எழுதி முடிப்பதற்குள் வடக்கேயிருந்து காற்று வந்தது. ஒரு பாடு அடித்தது. இதோ, நின்றிருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் வெளியே வந்து, "பூட்ச்சி அண்ணாத்தே, அவ்ளோதான்" என்கிறார். மகள் சாப்பிடக் கூப்பிடுகிறாள். செருப்பைத் தேடிக்கொண்டு வாசலுக்கு இறங்கினேன். மஞ்சள் கட்டைகளை எடுத்து, சக்கரங்களுக்குப் பின்னால் மாற்றி வைத்துவிட்டுத் தெற்கே பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.