கெட்டிமேளம் இல்லாத மைதானம்

கல்யாண போட்டோ எடுக்கிறவர்களுக்கு வாழ்க்கையில் எல்லாமே இரண்டு தடவை நடக்கும். தாலி கட்டி முடித்த மாப்பிள்ளையிடம், "கையை அப்படியே வைங்க, இங்க பாருங்க" என்றால் மறுபடியும் வைப்பார். சரியான நேரம் பார்த்துக் குறுக்கே செல்போனை நீட்டும் சித்தப்பாக்களால் நொந்துபோயிருக்கும் சக தொழிலாளிகளே, உங்களுக்குத் தெரியாததா? அரியலூரில் ஸ்டூடியோ வைத்திருக்கும் நான், பெரம்பலூர்ப் பக்கம் ஒரு கல்லூரிக்கு ஆண்டு விழாப் படம் எடுத்துக் கொடுப்பேன். அந்தப் பழக்கத்தில் குதிரையேற்றப் போட்டிக்கும் கூப்பிட்டுவிட்டார்கள். அதுவரை நான் குதிரையை மாப்பிள்ளை அழைப்பில்தான் பார்த்திருக்கிறேன்.

இன்னொரு தடவை

மார்கழிப் பனி. வேலிக்கு அந்தப் பக்கம் மக்காச்சோளக் காடு பாதிதான் தெரிந்தது. குளம்புச் சத்தம் முதலில் வந்தது, குதிரை அப்புறம்தான் வந்தது. வெள்ளைக் குதிரை. பனியிலிருந்து குதிரை பிரிந்து வந்ததா, பனியே குதிரையாகிவிட்டதா என்று எனக்குப் பிடிபடவில்லை. தாண்டுவதற்காகக் குறுக்கே வைத்திருந்த கம்பைத் தாண்டியது, திரும்பவும் பனிக்குள் போய்விட்டது. நான் வாயைப் பிளந்து நின்றேன். கேமரா கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

சுதாரித்துக்கொண்டு நடுவரிடம் ஓடினேன். ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், முறுக்கு மீசை. "சார், இன்னொரு தடவை தாண்டச் சொல்லுங்க, கொஞ்சம் மெதுவா. கல்யாணத்துல எல்லாம் செய்வாங்க சார்" என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அது மாப்பிள்ளை இல்லம்மா, குதிரை."

தொம்

அடுத்தடுத்த குதிரைகளுக்கு விரலைப் பட்டனிலேயே வைத்திருந்தேன். அப்படியும் பிந்தியது. காரணம் மெல்லத்தான் புரிந்தது. மண்டபத்தில் நான் கண்ணை நம்பி எடுப்பதே இல்லை. கெட்டிமேளம் கொட்டினால் விரல் தானாக அமுக்கும். இங்கே மேளத்துக்கு எங்கே போவது? குதிரை எழும்பும்போது ஒரு சத்தமும் கிடையாது. மைதானமே மூச்சைப் பிடித்துக்கொள்ளும். தரைக்கு வரும்போதுதான் 'தொம்' என்று கேட்கும். என் விரல் அந்தத் 'தொம்'முக்கு அமுக்கிக்கொண்டிருந்தது. என்னோடு வீடியோ எடுக்க வந்த கணேசன், கேமராவை வாங்கி ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தான். "எல்லாக் குதிரையும் நல்லா நிக்குதுக்கா. இதுல தாண்டுனது எது?"

ஷமீமா

இடைவேளையில் ஒரு மாணவி என்னைத் தேடி வந்தாள். பெயர் ஷமீமா, ஊர் லப்பைக்குடிக்காடு. அத்தா குவைத்தில். மகள் குதிரை ஓட்டுவது அவருக்குப் பிடிக்கவில்லை. சும்மா உட்கார்ந்து சுற்றி வருவதற்கா இத்தனை அலைச்சல், நிறுத்திவிடு என்று சொல்லியிருக்கிறார். அழுது கேட்டதில் ஒரே ஒரு வழி விட்டிருக்கிறார்: ஒரு போட்டோ. தோழிகள் தூரத்திலிருந்து செல்லில் எடுத்ததில் எறும்புதான் தெரிந்ததாம். இன்று விட்டால் இந்த வருஷம் வேறு போட்டி கிடையாது. நான் கேமராவை மெல்ல முதுகுக்குப் பின்னால் தள்ளினேன். அவளோ என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நாலு காலும் தரையில படாம ஒரு போட்டோ காட்டு, அப்புறம் பேசலாம்னுட்டாங்கக்கா. நீங்கதான் கல்யாணமெல்லாம் எடுக்குறவுங்களாச்சே."

உதடு

கடைசி இரண்டு கம்புகளுக்கு நடுவே போய் உட்கார்ந்துகொண்டேன். பனி லேசாகக் கலைந்து வெயில் மஞ்சளாக இறங்கிக்கொண்டிருந்தது. ஷமீமாவின் பழுப்புக் குதிரை அவற்றில் முதல் கம்பை நெருங்கியது. எழும்புவதற்குச் சற்று முன்னால், அல்லாவின் பெயரைச் சொல்லித் தொடங்கும் வழக்கப்படி, "பிஸ்மில்லா" என்று அவள் முணுமுணுத்தது காதில் விழுந்தது. உடனே குதிரை மேலே. விட்டுவிட்டேன். ஆனால் எனக்கு மேளம் கிடைத்துவிட்டது. அடுத்த கம்புக்குக் கண்ணை மறந்து காதைக் கொடுத்தேன். "பிஸ்மி..." என்றாள். அமுக்கினேன். அப்புறம் ரொம்ப நேரம் எதுவும் கேட்கவில்லை. குதிரை அப்படியே மேலேயே இருந்துவிட்டதாகத்தான் எனக்குத் தோன்றியது. எனக்கு அழுகை வந்தது, ஏனென்று தெரியவில்லை. கணேசன் ஓடிவந்து படத்தைப் பார்த்தான். "நாலு காலுக்கும் அடியில வெயில் பூந்து வெளிய வருதுக்கா."

குவைத்

படத்தை அவள் செல்லுக்கு அனுப்பினேன். லாயத்துப் பக்கம் நின்று அத்தாவுக்குத் தள்ளிவிட்டாள். சற்று நேரத்தில் வீடியோ காலில் அவரே வந்தார். வேலைத் தொப்பியோடு ஒரு களைத்த முகம். குதிரையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "படத்துல உதடு ஏதோ முணுமுணுக்குற மாதிரி இருக்கே, என்னம்மா சொல்ற?" என்றார். ஷமீமா தயங்கிச் சொன்னாள். நான்கூட எட்டிப் பார்த்தேன். தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். "பிஸ்மில்லா சொல்லி ஏறுன புள்ளைய நான் எப்புடிம்மா எறங்கச் சொல்லுவேன்?"

மறுநாள் அரியலூரில் ஒரு கல்யாணம் எடுக்கப் போனபோது, மாப்பிள்ளையும் பெண்ணும் ரொம்பவே தரையில் நிற்பதாகத் தெரிந்தது ஒன்றுதான் இந்தக் குதிரைப் போட்டியால் என் தொழிலுக்கு வந்த நஷ்டம்.