ஏசித் தண்ணீரில் வளர்ந்த மரம்

துபாயில், ஜெபல் அலி லேபர் கேம்பில் எங்கள் ரூமுக்குப் பின்னால் ஒரு காட்டுச் செர்ரி மரம் நின்றது. என் ரூம் கூட்டாளி லீவில் போனபோது ஊரிலிருந்து விதையைக் காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்து முளைக்க வைத்தான். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரை ஒரு டியூப் வழியாக அதன் வேருக்கு விட்டான்.

"இந்த உப்பு மண்ணுல இதெல்லாம் வருமாடா?" என்று கிண்டலடித்தது நான்தான். இரண்டே வருஷத்தில் அது ஜன்னலைத் தாண்டியது.

முதல் பழம் சிவக்கும் முன்பே அவன் சைட்டில் மயங்கி விழுந்து செத்துப்போனான். உடம்பைப் பெட்டியில் ஊருக்கு அனுப்பினோம். பழுத்ததையெல்லாம் குருவிகள் தின்றன. எனக்கு ஒன்றைக்கூட வாயில் வைக்க மனம் வரவில்லை.

அடுத்த கோடையில் கம்பெனி அந்தக் கேம்பைக் காலி செய்யச் சொன்னது. எல்லோரும் பஸ்ஸில் ஏறிவிட்டார்கள். ஏசி நின்றால் மரத்துக்குத் தண்ணீர் இல்லை. அதனால் அதை ஓடவிட்டே கதவைச் சாத்தினேன். ஏசிச் சத்தம் கேட்டு, கேம்பைக் கவனிக்கும் கேம்ப் பாஸ் வந்தார்.

"காலி ரூம்ல எதுக்குய்யா ஏசி?"

"உள்ள ஆள் இருக்கான் சார்!" என்று கத்தினேன்.

அவர் கதவைத் திறந்து, ஒவ்வொரு கட்டிலாகக் குனிந்து பார்த்தார். பிறகு "கலாஸ், முடிஞ்சுது" என்று சொல்லி சுவிட்சை அணைத்தார்.