இழை அறுகிற சத்தம்

எவரெட் ஊரில் பாதிப் பேருக்கு விமானத் தொழிற்சாலையில்தான் பிழைப்பு. மார்லிஸ் ஹாகனும் அங்கே விமான இறக்கைகளை முறியும்வரை வளைத்துச் சோதித்தவள். ஓய்வு பெற்றபின் வீட்டில் கை சும்மா இருக்காமல், கணவன் டுவேன் ஓட்டுநராக இருந்த நீர்மூழ்கிப் பட்டறையில் சேர்ந்தாள். கார்பன் இழையைச் சுற்றிச் சுற்றிப் பசையில் இறுக்கிய உருளைதான் அந்த நீர்மூழ்கியின் உடல். ஒலிவாங்கி வைத்து அதன் சத்தத்தைக் கேட்பது அவள் வேலை.

புது உருளையை முதல்முறை அழுத்தும்போது பொரி பொரிவதுபோல் வெடிக்கும். நலிந்த இழைகள் அறுகின்றன, அதில் தப்பில்லை. ஆனால் மறுமுறை, பழைய அழுத்தத்தைத் தாண்டும்வரை அது வாயைத் திறக்கக் கூடாது. சோதனைத் தொட்டியில் மறுமுறை பாதி அழுத்தம் ஏறும்போதே 'டக்' என்றது. மார்லிஸ் அந்த அளவைக் குறித்துக்கொண்டாள்.

முதலாளி ட்ரெவருக்கோ தலைகால் புரியாத சந்தோஷம். "போன தடவைக்கு சத்தம் எவ்வளவோ கம்மி! புது வீட்டுல மரம் முனகாதா? பழகிக்கிட்டு வருது" என்று கேக் வரவழைத்தான்.

"எத்தனை சத்தம்ங்கிறது இல்ல ட்ரெவர், எங்க ஆரம்பிச்சுதுங்கிறதுதான் விஷயம். அறுந்த இழை ஒட்டாது. இத நசுக்கிப் பாத்துட்டு வேற செய்வோம்."

"நசுக்கறதுக்கா இவ்வளவு பாடுபட்டோம்? பிடிக்கலன்னா விலகிக்க. கேக்க ஆளில்லாமலே இறக்கிக்கிறோம்."

சொன்னால் செய்கிற ஆசாமி. உள்ளே உட்காரப்போவது டுவேன். இருக்கிற ஒரு காதும் இல்லாமல் போகுமே என்று பல்லைக் கடித்துக்கொண்டு, நீர்மூழ்கியைக் கடலில் இறக்கும் கப்பலில் அவளும் ஏறினாள்.

வெள்ளோட்டத்தில், தொட்டியில் சத்தம் வந்த அழுத்தத்துக்கு ஈடான ஆழத்தை எட்டும் முன்பே கேட்டது. டக். பிறகு இரண்டு சேர்ந்தாற்போல்.

"டுவேன், மேல வா. இப்பவே."

"வீட்டுலதான் நச்சரிப்புன்னு பாத்தா, கடலுக்கடியிலயுமாடி?"

"சிரிக்காத. எடைய உதறிட்டு வாடா, உன்னக் கெஞ்சிக் கேக்கறேன்."

வந்தான். அவள் கட்டிக்கொண்டு அழுதாள். மாலுமிகள் முன்னால் மானம் போனதென்று அவன் முகம் சிவந்து நின்றான்.

ட்ரெவர் உருளையைத் தட்டித் தடவிப் பார்த்தான். ஒரு கீறல் இல்லை. "பாத்தீங்களா? அத்தனை சத்தத்துக்கும் அசையல. இதுக்கு மேல என்ன சோதனை?" அத்திப்பழத்தைப் பிட்டுப் பார்க்காதவனிடம் என்ன பேசுவது? டுவேன் உயிரோடு வந்ததே அவள் பேச்சுக்கு எதிர்ச்சாட்சியாகிவிட்டது.

அடுத்தமுறை பயணிகளோடு இறங்குவதென்று அங்கேயே முடிவாயிற்று.

"நான் ரெடி" என்றான் டுவேன். "ஆனா ஒண்ணு ட்ரெவர். கேக்கறதுக்கு இவ வேணாம்."